கார்டர் ராயல்ஸ்டன் கல்லறையில் கிடப்பவன்

வெல்டா ஸ்ட்ராட்மன் எழுதிய பதினோரு காதல் நாவல்களும் பள்ளிக்கூட பஸ்ஸுக்குள் பிறந்தவை. பிட்டர்வெல் பள்ளியின் வடக்கு வழி பஸ்ஸை முப்பது வருடமாக ஓட்டியவள் அவள். காலை எட்டேகாலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றிக்கொள்ள மதியம் இரண்டே முக்கால் ஆகும். நடுவில் வீட்டுக்குப் போய் வருவதென்றால் அறுபது மைல். அமெரிக்காவின் வயோமிங் குளிரில் டீசல் என்ஜினை ஒரு தடவை அணைத்துவிட்டால் அதை எழுப்ப வசந்தம் வரவேண்டும் என்பதால், "என்ஜினை அணைக்கக் கூடாது" என்று பள்ளி வாரியமே எழுத்தில் உத்தரவு போட்டிருந்தது. ஓடுகிற என்ஜின் என்றால் சூடான பஸ். அந்தச் சூட்டில், முதல் சீட்டின் முதுகோடு ஒரு பலகையைக் கட்டி, அதன்மேல் டைப்ரைட்டரை வைத்து, நுனி வெட்டிய கையுறையோடு அவள் தட்டிக்கொண்டிருப்பாள். நாடு முழுக்கப் பெண்கள் வாசித்துப் பெருமூச்சு விட்ட காதலெல்லாம் பள்ளி வாரியத்தின் டீசலில் எரிந்தவைதான். வாரியத்துக்கு இது தெரியாது.

வெல்டா விவரம் தெரியாதவள் இல்லை. கோர்ட்டுக் கட்டிடத்தின் நிலவறையில் கிடந்த பழைய தாள்களைக் கோடை விடுமுறை தோறும் உட்கார்ந்து படித்தவள். நூறு வருடத்துக்கு முன்னால் மாடு ஓட்டியவன் எப்படி இருந்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வயசு, தலை நிறையப் பேன், முன்பல்லில் பாதி இல்லை. முதலாளியின் மாட்டை முதலாளியின் நிலத்தில் ஓட்டி, பனியில் உறைந்து செத்தால் முதலாளியின் கணக்கப்பிள்ளை "குதிரை நலம்" என்று எழுதிவைப்பான். அவர்களில் கறுப்பர்கள் நிறைய, மெக்சிகர்கள் நிறைய. வெல்டாவின் புத்தக அட்டைகளில் அவர்களில் ஒருவன்கூட ஏறியதில்லை. அட்டையில் ஏறுகிறவனுக்கு ஆறடி இரண்டு அங்குலம், சட்டையில் பொத்தான் கிடையாது.

இதற்காக வெல்டா ஒரே ஒரு முறைதான் சண்டை போட்டாள். 1976இல், தன் நான்காவது நாவலுக்கு, பெயோ இரிபார்னே என்கிற, ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் நாட்டு ஆட்டிடையனைக் கதாநாயகனாக வைத்து இருபது பக்கம் எழுதி அனுப்பினாள். நியூயார்க்கிலிருந்த பதிப்பாசிரியை உடனே பதில் போட்டாள். "அன்புள்ள வெல்டா, ஆட்டுக்காரன் வேண்டாம். கம்பளி நாற்றம் அடிக்கிறவனை எந்தப் பெண்ணும் கனவில்கூட முத்தமிட மாட்டாள். அவனை மாட்டுப் பண்ணை முதலாளியாக மாற்று. நிலம் இருக்கட்டும். பல் இருக்கட்டும்."

வெல்டா மாற்றினாள். பெயோ இரிபார்னே என்று இருந்த இடத்திலெல்லாம் கார்டர் ராயல்ஸ்டன் என்று தட்டினாள். ஆயிரம் ஆடு இருபதாயிரம் மாடு ஆனது. "அவன் சேணத்தில் என் இதயம்" என்ற பெயரில் புத்தகம் வந்தது, விற்றது, பத்து முறை மறுபதிப்பும் ஆனது.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் மாற்றாமல் விட்டுவிட்டாள். கதை முடிவில் கதாநாயகன் எண்பது வயசில் இறந்து, பிட்டர்வெல் இடுகாட்டு வேலிக்கு வெளியே, ஒற்றைக் காட்டன்வுட் மரத்தடியில் அடக்கமாகிறான். "வேலிக்குள் அடங்காதவன், தன் மேய்ச்சல் வெளியைப் பார்த்தபடி உறங்க விரும்பினான்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்து அழாத வாசகி இல்லை.

அந்த மரம் நிஜம். அதன் கீழே பெயரில்லாத ஒரு மேடும் நிஜம். வேலிக்கு வெளியே இருப்பதற்குக் காரணம் மேய்ச்சல் வெளியின் அழகல்ல. 1904 ஜூலையில், மாடு மேய்கிற புல்வெளியில் ஆட்டை விட்டான் என்று, பத்தொன்பது வயசு பெயோ இரிபார்னேயை முகத்தில் கோணி கட்டிய மாட்டுக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆட்டுக்காரனின் பிணத்தை உள்ளே புதைக்க ஊர் சம்மதிக்கவில்லை. நிலவறையில் அந்தப் பிரேத விசாரணைத் தாளை வெல்டா தன் கையால் எடுத்துப் படித்திருந்தாள். படித்த பிறகும் அந்த மரத்தை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். வாசகிகள் அழுதார்கள், அவளும் விட்டுவிட்டாள்.

பத்து வருடம் கழித்து அது திரும்பி வந்து கடித்தது.

முதலில் ஒஹையோவிலிருந்து இரண்டு பெண்கள் காரில் வந்து மரத்தடியில் பூ வைத்தார்கள். அடுத்த வருடம் இருபது பேர். அதற்கடுத்த வருடம் கழுத்தில் ஒரே மாதிரிக் கைக்குட்டை கட்டிய நூறு பேர். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்கிற ஊரில் நூறு பேர் வந்து தங்கினால் ஊருக்குப் பக்தி வரத்தானே செய்யும்? மோட்டல்காரரின் மனைவி மர்னா பிளெவின்ஸுக்குத்தான் முதலில் வந்தது. வெல்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். முன்னோடிகள் நினைவுக் கமிட்டியின் தலைவி. 1989 ஏப்ரலில் கமிட்டி கூடி, கார்டர் ராயல்ஸ்டனுக்குக் கருங்கல்லில் கல்லறைக் கல் நாட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

செய்தி கேட்ட அன்றே வெல்டா கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் நின்றாள். மேஜைமேல் ருபார்ப் பை என்கிற இனிப்புப் பலகாரம், காபி, நடுவில் கல்லின் வரைபடம்.

"மர்னா, அப்படி ஒரு ஆளே கிடையாதுடி. நான்தான் அவனை உண்டாக்கினேன். பஸ்ஸுக்குள்ள, ஒரு பிப்ரவரி மாசம், முட்டை சாண்ட்விச் தின்னுக்கிட்டே உண்டாக்கினேன்."

"நீ எழுதினேங்கிறதை இங்க யாரு இல்லேன்னா? நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள் மர்னா, பலகாரத்தை வெட்டிக்கொண்டே. "ஆனா எழுதினவளுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு ஒண்ணும் இல்லையேடி. உனக்குத் தெரியாமலே உண்மையை எழுதியிருக்கே."

"எனக்குத் தெரியாம எப்படி எழுதுவேன்?"

"அதைத்தான் போதகர் போன வாரம் பிரசங்கத்துலயே சொன்னார். ராயல்ஸ்டனோட ஆவி உன் காதுல வந்து ஓதியிருக்கு."

"என் காதுல ஓதினது ஹீட்டர் சத்தம்தான் மர்னா."

கமிட்டியின் மூத்த உறுப்பினர் எஃப்ரம் கிரவுடருக்குத் தொண்ணூற்று மூன்று வயசு. கேள்வி மட்டும் காதில் விழாது. பதில் எப்போதும் தயாராக இருக்கும். அவர் மேஜையைத் தட்டினார். "ராயல்ஸ்டனா? எனக்குத் தெரியாம என்ன? அவனோட சீட்டாடியிருக்கேன். படுதிருடன். சட்டைக் கைக்குள்ள எப்பவும் ஒரு ராஜா வெச்சிருப்பான்."

"மிஸ்டர் கிரவுடர், என் கதையில அவன் சீட்டைக் கையால தொடவே மாட்டான்."

"உங்கிட்ட மறைச்சிருப்பான்ம்மா. பொம்பளைங்ககிட்ட நல்லவன் வேஷம் போடுவான், ராஸ்கல்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு ஊரில் பலருக்கு ஞாபகம் திரும்பிக்கொண்டிருந்தது. முடிவெட்டுகிற லவோனின் பாட்டியை ராயல்ஸ்டன் ஒரு தடவை பெண் கேட்டானாம். வங்கி மேனேஜரின் தாத்தா அவனிடம் குதிரை வாங்கி ஏமாந்தாராம். இல்லாதவனிடம் ஏமாந்ததில்கூட ஒரு குடும்பத்துக்குப் பெருமை. இருந்தவனைச் சுட்டது யாருக்கும் ஞாபகமில்லை.

"சரி, ஆள் இருந்தான்னே வெச்சுக்குவோம்" என்றாள் வெல்டா. "அந்த மரத்தடியில கிடக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தாள் இருக்கு. பெயோ இரிபார்னேன்னு ஒரு பையன். அவன் பேரைப் போடுங்க."

மர்னாவின் கத்தி பலகாரத்தில் பாதியில் நின்றது. ஒரு கணம்தான். "தாளா? எங்கிட்டயும் தாள் இருக்கு."

மேஜைக்கடியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தாள். மாநிலத்தின் சூட்டுக்குறிப் புத்தகம். மாட்டின் தோலில் போடுகிற குறி எது, யாருடையது என்று பதிவாகியிருப்பது. அந்த ஊர்களில் ஒருவன் தன் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்; குறிப் பதிவைத் தொலைத்தவன்தான் அநாதை. பைபிளில் இருப்பதைப் பற்றி விவாதம் வரலாம், சூட்டுக்குறிப் புத்தகத்தில் இருப்பதைப் பற்றி வராது.

"பாரு. இடது விலா, ஆர் எழுத்து, மேல ஒரு வளைவு, கீழ ரெண்டு கோடு. உரிமையாளர் கார்டர் ராயல்ஸ்டன். இல்லாத ஆளுக்கு எங்கேருந்துடி குறி வந்துச்சு?"

வெல்டாவுக்குக் காது மடல் சிவந்தது. அதுவும் அவள் செய்த வேலைதான்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன், அட்டையில் ராயல்ஸ்டனின் குறி இருக்கட்டும் என்றாள் பதிப்பாசிரியை. வெல்டா ஒன்றை வரைந்தாள். காற்றாலை பழுது பார்க்கிற அவள் கணவன் ஆர்வில்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இந்தா, பதியாத குறியை அச்சடிச்சே, நாளைக்கு எவனோட பசு மேலயாவது அது இருக்கும். அவன் வக்கீலோட வந்து நிப்பான். பதிஞ்சுடு." அவளுக்கும் நியாயமாகப் பட்டது. காதலைக் கற்பனை செய்யலாம், ஆளைக் கற்பனை செய்யலாம்; பதியாத சூட்டுக்குறியைக் கற்பனை செய்வது அந்த ஊரில் மரியாதையல்ல. விண்ணப்பத் தாளை பஸ்ஸில் வைத்துத்தான் நிரப்பினாள். ஏழாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்த நேரம். "உரிமையாளர் பெயர்" என்ற இடத்தில் கை தன்போக்கில் "கார்டர் ராயல்ஸ்டன்" என்று எழுதி, அவன் எப்படிப் போடுவானோ அப்படிச் சாய்த்து ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டது. போன வருடம் புதுப்பிக்கச் சொல்லித் தாள் வந்தபோது, பழைய கையெழுத்தோடு பொருந்தவேண்டுமே என்று அதேபோலச் சாய்த்துப் போட்டு அனுப்பினாள். புத்தக விளம்பரத்துக்காக வாங்கி, இப்போது வயசாகிப்போன ஒரு பசுவின் விலாவில் அந்தக் குறி இன்னும் இருந்தது.

"அதைப் பதிஞ்சதே நான்தான் மர்னா!"

"பேரு அவரோடதுதானே இருக்கு?"

"நான்தான் எழுதினேன்!"

"எல்லாத்தையும் நீயே எழுதினேங்கிறே. இந்த ஊரையும் நீதான் எழுதினியா?" என்றாள் மர்னா. கமிட்டி சிரித்தது. கல் ஜூன் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படும் என்று குறித்துக்கொண்டார்கள்.

மறுநாளே வெல்டா மாட்டுச் சந்தைக் கொட்டகைக்குப் போய், குறி ஆய்வாளர் டெல்பர்ட் குவாமைப் பார்த்தாள். டெல்பர்ட் குவாம் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. சொந்த மாமனாரின் கன்றுக்குட்டியைக் குறி தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியவர்.

"குற்றத்தை ஒத்துக்க வந்திருக்கேன் மிஸ்டர் குவாம். இந்தக் குறியை இல்லாத ஒரு ஆள் பேருல பதிஞ்சுட்டேன். பதிவிலேர்ந்து அடிச்சுடுங்க."

டெல்பர்ட் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒரு தாளை எடுத்தார். "ரத்து பண்ணணும்னா காரணம் சொல்லணும், மிஸஸ் ஸ்ட்ராட்மன். ரெண்டு கட்டம் இருக்கு. 'விற்றுவிட்டார்'. 'இறந்துவிட்டார்'. எது?"

"ரெண்டும் இல்ல. அவன் பொறக்கவே இல்ல."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லேன்னா ஆள் இருக்கான்னு ஆயிடுமா?"

"ஆள் இருக்கான்னு நான் சொல்லல. ஆள் இல்லேன்னு சொல்ல எனக்கு வழியில்லேன்னு சொல்றேன்." அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "இங்க பாருங்க. போன வருஷம் அக்டோபர்ல கையெழுத்துப் போட்டிருக்கார். சாய்ஞ்ச எழுத்து. படிச்ச மனுஷன் மாதிரி இருக்கு."

"அது என் கையெழுத்து!"

"உங்க கையெழுத்து உங்க பேரையில்ல சொல்லும்."

வெல்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு மனிதனைக் கொன்றதை மறைக்க ஒரு விசாரணைத் தாள் போதுமாயிருந்தது. இல்லாதவன் இல்லையென்று சொல்ல ஒரு கட்டம் கிடையாது. எழுந்து போகப் போனவள் வாசலில் நின்றாள்.

"மிஸ்டர் குவாம், அப்போ உங்க கணக்குப்படி அவன் உசிரோட இருக்கான். அப்படித்தானே?"

"இறந்தார்னு தாள் வர்ற வரைக்கும்."

"ஜூன் பதினெட்டு அவனுக்குக் கல்லறைக் கல் நாட்டப் போறாங்க. 1931லயே செத்துட்டான்னு பொறிச்சிருக்காங்க."

டெல்பர்ட் குவாம் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருட உத்தியோகத்தில் அவர் முகம் இப்படி ஆனது மூன்றே தடவைதான். மூன்று தடவையும் மாட்டுத் திருடன் பிடிபட்டிருக்கிறான்.

"உசிரோட இருக்கிறவனைச் செத்துட்டான்னு கல்லு நாட்டறாங்களா?" என்றார் மெதுவாக. "அப்போ எவனோ அவர் மாட்டு மேல கண் வெச்சிருக்கான்."

ஜூன் பதினெட்டு நண்பகல், மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திய கல். கைக்குட்டை கட்டிய வாசகிகளையும் ஊர்ப் பெரியவர்களையும் இரண்டு மைல் தள்ளியிருந்த மோட்டலிலிருந்து கூட்டிவர, கமிட்டி பள்ளிக்கூட பஸ்ஸைத்தான் ஏற்பாடு செய்திருந்தது. அதனால் ஓட்டுநரும் வந்தாள். ஆர்வில் தன் காற்றாலை லாரியோடு வந்திருந்தான். கல்லை இறக்கி நாட்டச் சங்கிலியும் கப்பியும் அவனிடம்தான் இருந்தன.

போதகர் ஜெபித்தார். மர்னா தார்ப்பாயை இழுத்தாள். "கார்டர் ராயல்ஸ்டன், 1851–1931. மேய்ச்சல் வெளியின் மன்னன். ஒருத்தியையே நேசித்தான்." வாசகிகள் கைக்குட்டையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது டெல்பர்ட் குவாம் கோப்போடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"இந்த ஆள் 1931ல செத்தார்ங்கிறதுக்கு யாருகிட்ட அத்தாட்சி இருக்கு?"

மர்னா சிரித்தாள். "டெல்பர்ட், இதென்ன நேரம் காலம் இல்லாம..."

"பிளெவின்ஸ் அம்மா, இவர் போன அக்டோபர்ல குறியைப் புதுப்பிச்சிருக்கார். மாடு இருக்கு. நானே போய்ப் பார்த்தேன். நல்ல ஆரோக்கியம். உரிமையாளர் உசிரோட இருக்கார்."

"அப்போ அவருக்கு நூத்தி முப்பத்தெட்டு வயசு ஆகும்யா!"

"குறி வெச்சிருக்க வயசு வரம்பு கிடையாது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒஹையோப் பெண் ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். "உசிரோட இருக்காரா? அவர் பொண்டாட்டி?"

டெல்பர்ட் கோப்பைப் புரட்டினார். "மனைவி பேரு எதுவும் பதிவாகல."

அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியில் இருந்த எஃப்ரம் கிரவுடர் கைத்தடியை ஆட்டினார். "நான்தான் சொன்னேனே! போன வாரம்கூடத் தபாலாபீஸ்ல பார்த்தேன். என்னைக் கண்டதும் ஓடிட்டான். எனக்குச் சீட்டுக் கடன் வெச்சிருக்கான்."

எழுதியவள் தொண்டை கிழியச் சொன்னதை நம்பாத ஊர், குறி ஆய்வாளர் கோப்பைத் தட்டியதும் நம்பிவிட்டது. ஐந்தே நிமிடத்தில் துக்கம் கொண்டாட்டமாக மாறியது. போதகர், உயிர்த்தெழுதல் என்று ஏதோ தொடங்கி, மர்னாவின் முறைப்பைப் பார்த்து நிறுத்தினார்.

"அப்போ இந்தக் கல்லு?" என்றாள் மர்னா.

"கல்லுக்கு நான் பொறுப்பில்ல. காலு இருக்கிறதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு டெல்பர்ட் தன் காருக்குப் போனார்.

வெல்டா முன்னால் வந்தாள். "ராயல்ஸ்டன் இங்க இல்லேன்னு ஆயிடுச்சு. அப்போ இந்த மண்ணுக்குள்ள யாரு?"

 மர்னா கையைத் தட்டினாள். "மோட்டல்ல மாட்டிறைச்சி வெந்து ஆறிக்கிட்டிருக்கு. எல்லாரும் பஸ்ல ஏறுங்க." ஒரு ஊர் தன் கொலையை மறக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை, சாப்பாட்டு நேரம் வந்தால் போதும்.

ஏறினார்கள். வெல்டாவும் ஏறினாள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சாவியை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலைக்கு மேலிருந்த அகலக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"எல்லாரும் உட்காருங்க. கையைக் காலை உள்ள வெச்சுக்கங்க. பேச்சு நிக்கற வரைக்கும் பஸ் நகராது."

வங்கி மேனேஜர் உட்கார்ந்தார். முடிவெட்டுகிற லவோன் உட்கார்ந்தான். மேயர் சூயிங்கத்தை விழுங்கினார். பிட்டர்வெல்லில் நாற்பத்தைந்து வயசுக்குக் கீழ்ப்பட்ட எவனும் அந்தக் கண்ணாடிக்குள் தெரியும் இரண்டு கண்களுக்கு எதிர்த்துப் பேசிப் பழகியதில்லை. வாசகிகளுக்கு ஒன்றும் புரியவில்லை; மற்றவர்கள் அடங்கியதைப் பார்த்து அவர்களும் அடங்கினார்கள்.

வெல்டா மடித்த தாளை விரித்தாள். நிலவறையில் எழுதி எடுத்தது.

"1904 ஜூலை ஒன்பது. பிரேத விசாரணை. இறந்தவன் பெயோ இரிபார்னே, ஆட்டிடையன், வயசு பத்தொன்பது. உடம்பில் பதினோரு குண்டு. ஜூரிகள் ஆறு பேர். சாட்சிகளும் அதே ஆறு பேர். அவர்கள் அந்த வழியாகத் தற்செயலாகப் போனார்களாம். முகத்தில் ஏன் கோணி கட்டியிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, குளிர் என்று பதில்." அவள் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தாள். "ஜூலை மாசம்." மறுபடி தாளுக்குக் குனிந்தாள். "முடிவு: தற்செயலான மரணம். இறந்தவன் குண்டுகள் வரும் பாதையில் கவனக்குறைவாக நின்றிருந்தான்."

ஒஹையோப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். யாரும் கூடச் சேராததைக் கண்டு அப்படியே நிறுத்தினாள்.

வெல்டா ஆறு பெயர்களையும் வாசித்தாள். மேனேஜரின் கொள்ளுத்தாத்தா. லவோனின் பாட்டனார். மேயரின் குடும்பத்தில் இரண்டு பேர். எஃப்ரமின் அப்பா. ஆறாவது பெயர் மர்னாவின் தாத்தா.

"அவர் நல்ல மனுஷன்டி" என்றாள் மர்னா, முன் சீட்டிலிருந்து. குரல் மோட்டல்காரி குரலாக இல்லை. "என்னை மடியில உட்கார வெச்சுக் கதை சொன்னவர்."

"சொன்ன கதையில பெயோ வந்தானா?"

மர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தப்பு எம்மேலயும் இருக்கு" என்றாள் வெல்டா எல்லோருக்கும் பொதுவாக. "உங்க தாத்தாமாருங்க அவன் உசிரைத்தான் எடுத்தாங்க. பேரை அழிச்சு, கல்லறையையும் எடுத்து ஒரு பொய் ஆளுக்குக் கொடுத்தவ நான். இன்னிக்கு அதைத் திருப்பிக் கொடுக்கணும். கல்லை ஆறு பேர் சேர்ந்தாத்தான் திருப்ப முடியும். இறங்கறவங்க இறங்குங்க. அது முடிஞ்சதும் பஸ் போகும். பசிக்குதுன்னா சீக்கிரம் இறங்குங்க."

 முதலில் லவோன் எழுந்தான். "என் பாட்டனார் குதிரை திருடியும் மாட்டியிருக்கார். புதுசா என்ன?" என்று முனகிக்கொண்டே படியில் இறங்கினான். மேயர் இறங்கினார், தேர்தல் வருவதாலோ என்னவோ. கைக்குட்டைப் பெண்கள் நான்கு பேர் இறங்கினார்கள். வங்கி மேனேஜர் இறங்கவில்லை. தனக்கு முதுகுவலி என்றார். எஃப்ரம் மட்டும் தன் அப்பாவுக்கு அந்த ஜூலையில் உண்மையிலேயே ஜலதோஷம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆர்வில் சங்கிலியைப் பூட்டினான். கப்பி கிறீச்சிட்டது. 'மன்னன்' என்று பொறித்த பக்கம் மரத்தை நோக்கித் திரும்பி, கரடுமுரடான பின்பக்கம் வெளியே வந்தது. கல் இறங்கி உட்கார்ந்ததும் வெல்டா மற்ற எல்லோரையும் மோட்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, காலி பஸ்ஸோடு திரும்பி வந்தாள். முழுக்கக் காலி இல்லை. முன் சீட்டிலிருந்து மர்னா இறங்கவே இல்லை.

ஆர்வில் மண்டியிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் கல்லில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மர்னா பஸ் படியிலேயே நின்றாள்.

"என் தாத்தா பேரைப் போட்டுடாதடி வெல்டா."

"போடல. ஆறு பேரைப் போட இதுல இடம் இல்ல."

"இடம் இருந்தா போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன்."

மர்னா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் கொப்புளம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன எழுதணும்?" என்றான் ஆர்வில்.

"பேரு. வயசு."

"அவ்வளவுதானா? உன் புஸ்தகத்துல ஒருத்தன் தொப்பியைக் கழட்டறதுக்கே அரைப் பக்கம் போகும்."

வெல்டா யோசித்தாள். நெஞ்சை உருக்கும் வரிகள் பழக்கதோஷத்தில் வரிசைகட்டி வந்து நின்றன. மேய்ச்சல் வெளியின் மைந்தன். மேகங்களை மேய்த்தவன். ஒவ்வொன்றையும் தலையை ஆட்டி விரட்டினாள்.

"ஆட்டிடையன்னு போடு. அதுக்குக் கீழ 'சுட்டுக் கொல்லப்பட்டான்'னு போடு."

"'கவனக்குறைவா நின்னிருந்தான்'னு கோர்ட்டுத் தாள் சொல்லுதே" என்றான் ஆர்வில், சிரிக்காமல்.

"ஆர்வில்."

"சரிம்மா, சரி." அவன் உளியை எடுத்துக் கல்லில் பொருத்தி முதல் அடி அடித்தான். சில்லு தெறித்து மர்னாவின் காலடியில் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்து, சுண்ணாம்புக் கோடு கோணலாக இருக்கிறது என்றாள்.